ஒவ்வொரு மீனாகப் பார்த்தவர்

ரெஜினாவின் கணவர் அந்தோணியின் அழைப்பு வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். முழங்கைவரை ஈரம். மணி அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. துடைத்துக்கொள்ளாமலே எடுத்தேன்.

"மலர், ரெஜி போயிட்டா" என்றார்.

எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் அழைப்பைத் துண்டிக்க இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர்தான் கேட்டார்: "மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன். போட்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ரெஜினாவைத் தெரியும். தேவாலயத்தில் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து, பூசை முடிந்ததும் யாரிடமும் சிக்காமல் வெளியேறிவிடும் பெண்மணியாகச் சிலருக்கு. பூன் லே அடுக்குமாடியில் மின்தூக்கிக்குள் ஒருவர் இருந்தாலே அடுத்ததற்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரராகச் சிலருக்கு. எனக்கு அவர் பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒரே அறையில், பக்கத்து மேசையில் இருந்தவர். அவர் மீன்களின் நடத்தையை ஆராய்ந்தார். நான் அவற்றின் எண்களைக் கணக்குப் போட்டேன்.

நாகர்கோவிலில் இருந்து இங்கே சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், அவரை "மேடம்" என்று கூப்பிட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்தவர் போல. "எனக்கும் உனக்கும் என்ன, ரெண்டு மூணு வயசு வித்தியாசம் இருக்குமா? ரெஜினான்னு சொல்லு லா" என்றார். பெயரைச் சொல்லப் பழகிவிட்டேன். 'நீங்க' மட்டும் கடைசிவரை மாறவில்லை.

அந்த வாரம்தான் அவருடைய பரிசோதனையை முதன்முதலாகப் பார்த்தேன். நீளமான ஒரு தொட்டி. அதன் ஒரு முனையில் இருட்டான சின்னப் பெட்டி. விரல் நீளம்கூட இல்லாத ஒரு காட்டுக் கெண்டையைப் பெட்டிக்குள் விட்டு, அது அமைதியாகும்வரை பொறுத்திருந்து, நூலை இழுத்துக் கதவைத் தூக்குவார். பிறகு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருப்போம். சில மீன்கள் கதவு உயர்ந்த உடனே வெளிச்சத்துக்கு வந்துவிடும். சில, மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போகும். சில வரவே வராது. கேமராத் திரையில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"அடுத்த வாரமும் இதுங்களை விடுவோம், அடுத்த மாசமும் விடுவோம். இன்னிக்கு முதல்ல வந்தது அன்னிக்கும் முதல்ல வரும். வராதது அன்னிக்கும் வராது. பாரேன்" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் துண்டால் அள்ளிய கெண்டைக் குஞ்சுகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து நான் பிரித்துப் பார்த்ததே கிடையாது. அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் தோலுக்கடியிலும் ஒரு துளி வண்ணம் இட்டிருந்தார். மாதங்கள் கழித்து எண்களை வரிசைப்படுத்தியபோது அவர் சொன்னபடிதான் இருந்தது. பச்சைப் புள்ளி எப்போதும் அவசரக்காரன். ஆரஞ்சுப் புள்ளிக்கு எந்த நாளும் வெளியே வர விருப்பமில்லை.

மீன்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. காட்டுக்குள் தேநீர் நிறத்தில் ஓடும் ஓடையிலிருந்து சில. நீர்த்தேக்கத்தின் ஓரத்திலிருந்து சில. பூன் லேக்கு அப்பால், தொழிற்பேட்டைக்குப் பின்னால், மழை பெய்தால் பொங்கி வெயில் அடித்தால் வற்றும் ஒரு மண் வாய்க்காலிலிருந்து சில. மொத்தமாகப் பார்த்தால் வாய்க்கால் மீன்கள் சீக்கிரம் வெளியே வந்தன, காட்டோடை மீன்கள் தயங்கின. நான் சராசரியைக் கணக்கிட்டு இடத்துக்கு ஒரு கோடாக வரைந்து பெருமையோடு நீட்டினேன். ரெஜினா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு மலர். ஆனா சராசரி மீன்னு ஒண்ணு தண்ணியில நீந்தலையே. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புள்ளியும் போடு."

அந்தப் புள்ளிகள் ஒருநாள் என்னைக் காப்பாற்றின. ஃபேரர் பார்க் அருகே ஒரு மன்றத்தில், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஒன்றில், தமிழில் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை என்றாலே அவருக்குப் பயம். வாரக்கணக்கில் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். பேச்சு நன்றாகவே போனது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"டாக்டர், நம்ம ஆளுங்களும் அப்படித்தானே? இங்கேயே பொறந்தவங்க நாங்க ஓடை மீன் மாதிரி அடக்கமா இருக்கோம். ஊர்லேர்ந்து வர்றவங்க வாய்க்கால் மீன். முட்டி மோதி முன்னுக்கு வந்துடறாங்க!"

அரங்கம் சிரித்தது. ஊரிலிருந்து வந்த நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். சிரிக்காமல் இருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நீங்க கோட்டை மட்டும் பார்த்தீங்க. அதைச் சுத்திப் புள்ளி புள்ளியா இருந்துச்சே, அதுதான் மீன். வாய்க்காலுக்கும் ஓடைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே வாளியில இருக்கிற ரெண்டு மீனுக்கு நடுவுல இருக்கிறது பெருசு. எங்க பிடிச்சோம்னு தெரிஞ்சா, இது எப்படிப்பட்ட மீன்னு தெரிஞ்ச மாதிரி ஆகாது." குறிப்புத் தாளை மடித்தார். "இதுக்கு மேல எனக்குத் தமிழ்ல சொல்ல வரல. மன்னிச்சுக்கங்க."

உட்கார்ந்துவிட்டார். பிறகு கீழே காப்பிக் கடையில் தே தாரிக் தேநீரைக் குடிக்காமலே ஆறவிட்டார். "உனக்காகச் சொல்லல, தெரியுமா? அது தப்பு, அதான் சொன்னேன்" என்றார். எனக்காகவும்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மண் வாய்க்காலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அதை ஆழப்படுத்திக் கான்கிரீட் போடப்போகிறார்கள் என்று தெரியவந்தபோது ரெஜினா எதிர்க்கவில்லை. மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் ஏறுவது அவருக்கும் தெரியும். முடிந்த அளவு மீன்களை வேறு இடத்துக்கு மாற்ற அனுமதி மட்டும் கேட்டார். கிடைத்தது. பொறிக்கூடைகளில் இரை வைத்து இறக்கினோம். முதல் நாள் கூடைகள் நிறைந்தன. அடுத்தடுத்த நாள்களில் குறைந்து, கடைசியில் வெறுங்கூடை வந்தது. "அவ்வளவுதான், எல்லாம் வந்துடுச்சு" என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ரெஜினா பிடித்தவற்றில் சிலவற்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து இருட்டுப் பெட்டியில் விட்டார். கதவைத் தூக்கினார். எல்லாமே உடனே வெளியே வந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை. நான் எண்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"தைரியசாலிங்க மட்டும்தான் கூடைக்குள்ள வந்திருக்கு. கூச்சப்படுறது எல்லாம் இன்னும் அங்கேயே இருக்கு மலர். வேருக்கு அடியில."

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளம் தோண்டும் இயந்திரம் கரையில் நின்றது. தண்ணீரை இறைக்கும் பம்பு தயாராக இருந்தது. மேற்பார்வையாளர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, செல்வம் என்று பெயர். ரெஜினா அவரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டார்.

"அக்கா, என் கையில என்னக்கா இருக்கு? பம்பு வாடகைக்கு எடுத்திருக்கு. மேல இருந்து போன் மேல போன் வருது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சப்படும் ரெஜினா கேட்ட ஒன்று அது. அதில் பாதி கிடைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கைவலையை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். வேர்களுக்குள் கையை விட்டுத் துழாவினார். மீன்கள் இருந்தன, விரலில் பட்டன, ஆனால் துழாவத் துழாவ இன்னும் உள்ளே போயின. செல்வமும் அவருடைய ஆட்கள் சிலரும் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஆளுக்கொரு வாளி. எல்லோர் வாளியிலும் சேர்த்துக் கையளவு மீன் இருந்திருக்கும். சாப்பாட்டு வண்டி வந்தது. செல்வம் ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஏறிடுங்க" என்றார். பம்பு ஓடத் தொடங்கியது.

தண்ணீர் இறங்க இறங்க வேர்கள் தெரிந்தன. அப்போதும் மீன்கள் வெளியே வரவில்லை. கடைசித் தண்ணீர் போகும்வரை ஒளிந்தே இருந்தன. பிறகு சேற்றில் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியதைப் பார்த்தோம். சேறு இடுப்புவரை இருந்த இடம் அது, செல்வம் எங்களை இறங்க விடவில்லை.

திரும்பும் வழியில், வண்டியில் ரெஜினா சொன்னார்: "ஒளிஞ்சுக்கிறது தப்பு இல்ல மலர். கொக்கு வந்தப்போ, விரால் வந்தப்போ, அதுதான் காப்பாத்துச்சு. இன்னிக்கு வந்தது என்னன்னு அதுங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்ணியிருக்கும்? அதுங்க குணம் அது." என்னிடம் இருந்தது மாற்று உடை மட்டும்தான். கொடுத்தேன்.

பிறகு வந்ததைப் பற்றி உங்களில் சிலர் அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அது நல்லது போலத்தான் தெரிந்தது. துறைக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "இதையேதான் போன தடவையும் சொன்னீங்க" என்றார் ரெஜினா. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இத்தனை வருடம் கழித்து வாயைத் திறந்துவிட்டாரே என்று எனக்கு மகிழ்ச்சி. பிறகு ஒரு ஞாயிறு, பூசையில் பிரசங்கம் நீண்டபோது கடைசி வரிசையிலிருந்து அவர் குரல் எழுந்தது: "ஃபாதர், போதும் லா! எல்லாருக்கும் பசிக்குது." அன்று அங்கே இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். சிரித்தீர்கள், குருவானவரும் சிரித்தார். அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் அவர். மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மூளையின் முன்பகுதியில் கட்டி. அறுவை சிகிச்சையில் கொஞ்சம் எடுத்தார்கள். முழுவதும் எடுக்க முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்த ரெஜினா வேறு ஆளாக இருந்தார். மின்தூக்கியில் முன்பின் தெரியாதவர்களிடம் என்ன சம்பளம் என்று கேட்டார். தேக்கா உணவங்காடியில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு தொழிலாளியின் தட்டிலிருந்து வடையை எடுத்துக் கடித்துவிட்டார். அந்தோணி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் ரெஜினாவின் மழித்த தலையையும் தையலையும் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே. சாப்பிடுங்கக்கா" என்று தட்டையே இந்தப் பக்கம் நகர்த்தினார். ரெஜினா சட்னியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். அந்தோணி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மாலை அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையருகே என்னை உட்காரவைத்து அந்தோணி சொன்னார்: "டாக்டர் சொல்றாரு, இந்த மாதிரி பேஷண்ட் எல்லாம் இப்படித்தான் ஆவாங்களாம். நான் தயாரா இருக்கணுமாம். என் ரெஜி 'இந்த மாதிரி பேஷண்ட்' இல்லையே மலர். மேல உக்காந்திருக்காளே, அது யாரு? நான் யாரைப் பார்த்துக்கிறேன்?"

மேலே போய்ப் பார்த்தால் ரெஜினா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கொரிய நாடகம் பார்த்துச் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

இடையிடையே தெளிவான நாள்களும் வந்தன. அப்படி ஒரு நாள் நான் போயிருந்தபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பழைய ரெஜினாவின் பார்வை.

"மலர், நீ கணக்குக்காரி. உள்ளதைச் சொல்லு. நான் மாறிட்டேனா?"

"மாறிட்டீங்க ரெஜினா."

"எப்போலேர்ந்து?"

"தெரியல. எப்போ ஆரம்பிச்சுதுன்னு எனக்கு நிஜமாத் தெரியல. நீங்க தைரியமாப் பேசினது எல்லாம் நீங்களா, அந்தக் கட்டியான்னு பிரிக்க முடியல."

தலையை ஆட்டினார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு நல்ல விடையைக் கேட்ட மாதிரி இருந்தது. "ஒரு மீனை ரெண்டு தடவை விட்டு, ரெண்டும் வேற வேற மாதிரி வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"மறுபடியும் விட்டுப் பார்ப்போம்."

"அதுக்குத்தான் டைம் இல்லையே லா" என்றார். சிரித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உள்ளேர்ந்து பார்த்தா நான் நானாத்தான் இருக்கேன் மலர். அந்தோணிதான் பயந்துபோய்ப் பார்க்கறாரு. நான் என்ன பண்றேன்னு சொன்னா நிறுத்திடுவேன். ஆனா பண்றப்போ எனக்குத் தெரிய மாட்டேங்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர அந்த அறையில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் என் கையை உதறிவிட்டு, பசிக்கிறது என்று சத்தம் போட்டார்.

கால்கள் ஓய்ந்தபிறகு சக்கர நாற்காலி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தோணியும் நானும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குக் கூட்டிப்போனோம். உங்களுக்குத் தெரியும், ஞாயிறு பிற்பகலில் அங்கே தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. தீவு முழுவதிலிருந்தும் வேலைத்தளத்துப் பிள்ளைகள் வந்து நிறைந்திருப்பார்கள். நாற்காலி நகரவில்லை. அந்தோணி, "எக்ஸ்கியூஸ் மீ, தம்பி கொஞ்சம்" என்று கெஞ்சிக்கொண்டே தள்ளினார். அப்போது, நடுத்தெருவில், ரெஜினா பாடத் தொடங்கினார்.

அந்தோணி பாடற்குழுவில் பாடுபவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு ரெஜினா ஒருநாளும் வாய் திறந்து பாடியதில்லை. உதடு மட்டும் அசையும். எனக்குக் குரல் இல்லை என்பார். அது உண்மைதான். அன்று மாதா பாட்டு ஒன்றை எடுத்தார். சுருதி எங்கோ போனது, தாளம் எங்கோ போனது. உச்சக் குரல். முன்னால் போனவர்கள் திரும்பினார்கள். சிலர் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

"ரெஜி, மெதுவா. ரெஜிம்மா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று அந்தோணி குனிந்து கெஞ்சினார். அவர் இன்னும் சத்தமாகப் பாடினார். நான் கூட்டத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் கைப்பேசியை வைத்திருந்தவர்களைப் பார்த்து, "டேய், உள்ள வைங்கடா" என்றார். பிறகு வழியில் நின்றவர்களை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டார்.

அந்தோணி நாற்காலியின் பின்னாலேயே நின்றார். தள்ளவில்லை. தலை குனிந்திருந்தது. பிறகு மெல்ல, அவருடைய பயின்ற குரலில், மனைவியின் தப்பான சுருதிக்குத் தன் சுருதியை இறக்கிச் சேர்ந்து பாடினார். ரெஜினா கழுத்தைத் திருப்பி அவரை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரியாணி வாங்கவில்லை. ரெஜினா அதை மறந்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. எங்களால் ஆனது தலையணையை மாற்றுவது, உதட்டை நனைப்பது, ஜன்னலைத் திறப்பது. இன்னும் ஏதாவது இருக்குமென்று கடைசிவரை தேடினோம். இல்லை.

அடக்கத்துக்கு முன் அந்தோணி இரண்டு படங்களை என்னிடம் காட்டினார். ஒன்றில் ரெஜினா கேமராவைத் தவிர்த்து ஓரமாகப் பார்க்கிறார். இன்னொன்று மழித்த தலையோடு, வாய் நிறையச் சிரிப்போடு. "எதைப் போடறது மலர்? எது அவ?" என்றார். உங்களுக்குத் தெரிந்தவர் முதல் படத்தில் இருப்பவர், அதைப் போடுங்கள் என்றேன். போட்டார். நீங்கள் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

நான் வைத்துக்கொண்டிருப்பது ரேஸ் கோர்ஸ் சாலையில் கேட்ட அந்தக் குரலை. அது ரெஜினாவின் குரலா, அவருக்குள் வளர்ந்த ஒன்றின் குரலா என்று எனக்குத் தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்தப் பாட்டின் இரண்டாவது வரி அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கூட்டத்தின் நடுவே முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினார். அந்தோணியும் அடுத்த வரிக்குப் போகாமல் அவரோடு அதிலேயே நின்றார். என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான்.